காலி இருக்கை இத்தனை இருந்தும் பௌல் போட்டிகள் எப்படித் தாக்குப்பிடிக்கின்றன?

மார்கழிப்பனி கேட்டது:

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி முதல் நாட்கள் வரை சுமார் 40 பௌல் போட்டிகள் (சீசன் முடிந்தபின் தேர்ந்த இரண்டிரண்டு அணிகள் ஆடும் ஆட்டங்கள்) நடக்கின்றன. ரோஸ் பௌல், சுகர் பௌல் நிரம்பி வழிவது புரிகிறது. ஆனால் வாரநாள் பகலில் நடக்கும் சின்ன பௌல்களில் வரிசை வரிசையாகக் காலி இருக்கைகள் டிவியிலேயே தெரிகின்றன. ஆடும் அணிகளும் ஆறில் வென்று ஆறில் தோற்றவை. இதில் யாருக்கு என்ன வருமானம்? ஆடும் அணிகளுக்கு பௌல் தரும் தொகையை 'பேஅவுட்' என்று அறிவிக்கிறார்களே, அந்தப் பணம் உண்மையில் யார் கைக்குப் போகிறது?

இன்னொன்று. குழந்தைகளோடு ஒரு பௌல் நேரில் பார்க்க வேண்டுமென்றால் டிக்கெட் எப்போது, எங்கே வாங்குவது நல்லது?

கோல்போஸ்ட் பதில்:

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடலாம். சின்ன பௌல்களை மைதானக் கூட்டத்துக்காக நடத்துவதில்லை, டிவிக்காக நடத்துகிறார்கள். விளையாட்டுச் சேனலான ஈஎஸ்பிஎன்னின் ஈவென்ட்ஸ் பிரிவு ஒரு டஜனுக்கும் மேற்பட்ட பௌல்களைத் தானே சொந்தமாக வைத்து நடத்துகிறது. டிசம்பர் மாத வாரநாள் மதியம் அந்தச் சேனலில் வேறு என்ன போட்டாலும் நேரலை ஃபுட்பாலுக்கு வரும் கூட்டம் வராது. விடுமுறைக்காலம், வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள், திரையில் ஏதோ ஓடிக்கொண்டிருக்க வேண்டும். யாரும் பெயர்கூடக் கேள்விப்படாத இரண்டு அணிகள் ஆடினாலும் பத்து, இருபது லட்சம் பேர் பார்த்துவிடுகிறார்கள். நான்கு மணி நேர ஒளிபரப்பு, அதன் விளம்பர இடம் எல்லாம் ஒரே நிறுவனத்தின் கையில். டிக்கெட் வசூல் அதற்கு மேல் கிடைக்கும் உபரிதான்.

பழைய பௌல்களின் கதை வேறு. அவை ஹோட்டல் அறைகளை நிரப்பப் பிறந்தவை. பாசடீனாவில் 1890 முதல் புத்தாண்டு மலர் அணிவகுப்பு நடந்துவந்தது. அதோடு சேர்த்து 1902 ஜனவரி 1 அன்று மிச்சிகனையும் ஸ்டான்ஃபோர்டையும் ஆடவிட்டார்கள். மிச்சிகன் 49-0. ஆட்டம் அவ்வளவு ஒருதலையாகப் போனதால் அடுத்த பல ஆண்டுகள் ஃபுட்பாலையே விட்டுவிட்டு ரதப் பந்தயம் நடத்தினார்கள். 1916-ல்தான் ஃபுட்பால் திரும்பியது. மயாமியின் ஆரஞ்ச், நியூ ஆர்லியன்ஸின் சுகர், எல் பாசோவின் சன் மூன்றும் 1935-ல் வந்தன. பொருளாதாரம் படுத்திருந்த காலம், குளிரில் நடுங்கும் வடக்கத்தியர்களை வெயில் ஊருக்கு வரவழைக்க வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். இன்றும் பல பௌல்களை உள்ளூர்ப் பிரமுகர்கள் கூடிய லாபநோக்கற்ற கமிட்டிகளே நடத்துகின்றன. வெளியூர்க் கூட்டம் இரண்டு மூன்று இரவு தங்கினால் ஹோட்டல், உணவகம், நகராட்சி வரி என்று ஊருக்கே பணம் வருகிறது.

மூன்றாவது வரவு டைட்டில் ஸ்பான்சர். திருவிழா நோட்டீஸில் 'உபயம்' போடுவது போல, போட்டியின் பெயரோடு கம்பெனி பெயர். லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் நடக்கும் இண்டிபெண்டன்ஸ் பௌலுக்கு 1990-ல் 'போலன் வீட்-ஈட்டர்' என்று புல்வெட்டும் கருவியின் பெயர் வந்தது. நாடே பேசியது. இப்போது அந்தக் கலை எங்கோ உயரத்துக்குப் போய்விட்டது. 2023 டிசம்பர் 28, ஆர்லாண்டோ, டோஸ்டரில் சுடும் இனிப்புப் பண்டமான பாப்-டார்ட்ஸின் பெயரில் முதல் பௌல். கான்சஸ் ஸ்டேட் 28-19 என்று என்சி ஸ்டேட்டை வென்றது. முடிந்ததும் ஸ்ட்ராபெரி டார்ட் வேடமிட்ட மாஸ்காட் மாபெரும் டோஸ்டருக்குள் இறங்கியது. கீழே நிஜமாகவே தின்னக்கூடிய ராட்சத டார்ட்டாக வெளியே வந்தது. ஜெயித்த வீரர்கள் பிய்த்துத் தின்றார்கள். அந்த ஒரு நிமிட வீடியோ போட்டியையே பார்க்காதவர்களிடமும் போய்ச் சேர்ந்தது. சார்லட்டின் டியூக்ஸ் மேயோ பௌலில் ஜெயித்த கோச்சின் தலையில் ஒரு வாளி மயோனைஸ். பாய்ஸியின் பொட்டேட்டோ பௌலில் ஃபிரெஞ்ச் ஃபிரைஸ் அபிஷேகம். என் கணிப்பில் சின்ன பௌல்களில் பிழைக்கப்போகிறவை இப்படி ஒரு சடங்கை உருவாக்கிக்கொண்டவைதான். ஒரு வங்கியின் பெயரை மட்டும் ஒட்டிக்கொண்ட பௌலுக்கு அந்த வாய்ப்பு இல்லை.

6-6 அணிகள் பற்றி: பொதுவாக 12 ஆட்டத்தில் 6 வெற்றி இருந்தால் தகுதி. அதில் ஒன்று கீழ்ப்பிரிவான எஃப்சிஎஸ் அணிக்கு எதிரானதாக இருக்கலாம். தகுதி பெற்றவர்கள் போதாவிட்டால் 5-7 அணிகளிலிருந்து எடுப்பார்கள். அங்கே வரிசை நிர்ணயிப்பது களத்து ஆட்டம் அல்ல, படிப்பு முன்னேற்றத்தை அளக்கும் ஏபிஆர் மதிப்பெண். 2015 சீசனில் நெப்ராஸ்கா, மினசோட்டா, சான் ஹொசே ஸ்டேட் மூன்றும் அப்படி உள்ளே வந்து மூன்றுமே ஜெயித்தன.

கணக்குப்பிள்ளை பதில்:

பேஅவுட் பற்றி மேலே யாரும் சொல்லவில்லை. அதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். அறிவிக்கும் தொகை ஆடிய கல்லூரியின் கணக்குக்கு நேராகப் போவதில்லை. பெரும்பாலும் கான்ஃபரன்ஸுக்கு, அதாவது அந்தக் கல்லூரி சேர்ந்திருக்கும் கல்லூரிகளின் கூட்டமைப்புக்குப் போகும். கான்ஃபரன்ஸ் தன் எல்லா பௌல் வரவையும் ஒரே பானையில் கொட்டி, ஆடிய அணிக்குப் பயணச் செலவுப்படி கழித்துக்கொடுத்து, மிச்சத்தை உறுப்பினர்களுக்குப் பிரிக்கும். ஒரு பௌலும் ஆடாத கல்லூரிக்கும் பங்கு உண்டு.

சாம்பியனைத் தீர்மானிக்கும் 12 அணி பிளேஆஃப் 2024 சீசனில் தொடங்கியபோது வகுத்த கணக்கு: உள்ளே நுழைந்தால் 40 லட்சம் டாலர், காலிறுதிக்கு வந்தால் இன்னொரு 40 லட்சம், அரையிறுதிக்கு 60 லட்சம், இறுதிக்கு 60 லட்சம். ஒவ்வொரு சுற்றுக்கும் செலவுக்கு 30 லட்சம் தனி. இதற்கு எதிர்ப்பக்கம் பாருங்கள்: ரோஸ் பௌலுக்கு மட்டும் ஈஎஸ்பிஎன் 2012-ல் போட்ட ஒப்பந்தம் ஆண்டுக்கு 8 கோடி டாலர். அடிமட்ட பௌல்களின் பேஅவுட்டோ 10 லட்சத்தைக்கூடத் தொடுவதில்லை.

செலவுப் பக்கம்தான் கல்லூரியைக் கடிப்பது. வீரர்கள், கோச்சுகள், டிரெய்னர்கள், சியர்லீடர்கள், இருநூறு முன்னூறு பேர் கொண்ட மார்ச்சிங் பேண்ட், நிர்வாகிகள், அவர்கள் குடும்பம். தனி விமானம், நான்கைந்து இரவு ஹோட்டல். அதற்கு மேல் டிக்கெட் உத்தரவாதம்: இத்தனை டிக்கெட்டை நீங்களே முழு விலைக்கு எடுத்துக்கொள்ள வேண்டும், விற்பது உங்கள் பாடு. 2011 ஃபியஸ்டா பௌலில் கனெக்டிகட் 17,500 டிக்கெட் எடுத்தாக வேண்டியிருந்தது. கனெக்டிகட்டில் இருந்து அரிசோனா நாட்டின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும். எதிரணி ஓக்லஹோமா, வெற்றி நம்பிக்கையும் குறைவு. பெரும்பகுதி விற்கவில்லை. பயணத்தில் நஷ்டம் 10 லட்சம் டாலரைத் தாண்டியது. ரசிகர்கள் முட்டாள்கள் இல்லை. ஒதுக்கீட்டு டிக்கெட் நூறு டாலருக்கு மேல் இருக்கும்போது அதே மைதான இருக்கை மறுவிற்பனைத் தளத்தில் பாதிக்கும் கீழே கிடைத்தால் யார் கல்லூரியிடம் வாங்குவார்கள்? அதன்பின் பல கான்ஃபரன்ஸுகள் உத்தரவாத எண்ணிக்கையைக் குறைத்தும், பாரத்தைத் தாங்களே பகிர்ந்தும் ஒப்பந்தம் போட்டன.

அப்படியானால் கல்லூரி ஏன் போகிறது? பயிற்சி நாட்கள். பௌலுக்குப் போகும் அணிக்குச் சுமார் 15 கூடுதல் பயிற்சி கிடைக்கும். அது கிட்டத்தட்ட இன்னொரு வசந்தகாலப் பயிற்சி முகாம். முதலாண்டு மாணவர்களை முழுநேரம் ஆடவைத்துப் பார்க்கலாம். நான்கு ஆட்டம் வரை ஆடினாலும் அந்த ஆண்டு கணக்கில் சேராது என்பது ரெட்ஷர்ட் விதி; அந்த வரம்பில் பௌல் சேராது என்பதால் அவர்களின் ஓர் ஆண்டு தகுதியும் வீணாகாது. கோச்சுக்கு போனஸ். வீரருக்கு பௌல் கமிட்டி தரும் பரிசுப் பொருள், 550 டாலர் உச்சவரம்புக்குள். ஆள் சேர்க்கப் போகும் வீட்டில் "தொடர்ந்து பௌல் ஆடுகிறோம்" என்று சொல்ல முடிவதும் சின்ன விஷயமில்லை.

தெற்குவாசல் பதில்:

டிக்கெட் கேள்விக்கு வருகிறேன்.

ஜோடிகள் டிசம்பர் முதல் வார ஞாயிறு வாக்கில் அறிவிக்கப்படும். அதற்கு முன் சின்ன பௌலுக்கு டிக்கெட் வாங்காதீர்கள். அறிவித்த மறுநாள் விலை கொஞ்சம் எகிறும், பிறகு சரியும். எந்த அணிக்கும் ரசிகராக இல்லாத குடும்பத்துக்கு, ஆட்டத்துக்கு இரண்டு மூன்று நாள் முன் மறுவிற்பனைத் தளத்தில் வாங்குவதுதான் மலிவு. கட்டணம் சேர்ந்த மொத்த விலையை முதல் திரையிலேயே காட்ட வேண்டும் என்று 2025 மே முதல் விதி இருக்கிறது, ஆகவே தளங்களை ஒப்பிடுவது எளிது. உங்கள் கல்லூரியே ஆடினால் மட்டும் கல்லூரி டிக்கெட் அலுவலகத்தில் வாங்குங்கள். பேண்டுக்கு அருகில், உங்கள் நிறச் சட்டைக்காரர்களோடு உட்கார்வீர்கள், கல்லூரிக் கணக்கிலும் விற்பனையாகச் சேரும்.

ஒரு விதிவிலக்கு. பிளேஆஃப் காலிறுதி நடக்கும் பௌலுக்கு இந்தச் சரிவை நம்பக் கூடாது. முதல் சுற்று முடிந்து எதிரணி தெரிய பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருக்கும். விமானம், ஹோட்டல் இரண்டையும் ரத்து செய்யக்கூடிய வகையில் முன்பே பிடித்துவிட்டுப் பிறகு டிக்கெட் தேடுங்கள். 2025 ஜனவரி 1 சுகர் பௌல், அன்று அதிகாலை போர்பன் தெருவில் நடந்த தாக்குதலால் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. திரும்பும் விமானத்தை மாற்ற முடியாதவர்கள் ஆட்டத்தைப் பார்க்காமலே கிளம்ப வேண்டியதுதான். திறந்தவெளி மைதானத்தில் மின்னல் வந்தாலும் நிறுத்துவார்கள். 2018 டிசம்பர் 26 அன்று டாலஸில் பாய்ஸி ஸ்டேட், பாஸ்டன் காலேஜ் ஆட்டம் முதல் கால்பகுதியிலேயே நின்று, ரத்தாகிவிட்டது.

குழந்தைகளோடு என்றால் என் தேர்வு சான் அன்டோனியோவின் அலமோ பௌல். கூரை உள்ள அரங்கம், குளிரும் மழையும் இல்லை. ரிவர் வாக் நடக்கும் தூரம், பேண்டுகளின் உற்சாகக் கூட்டமும் அங்கேயே. ரோஸ் பௌல் ஒருமுறையாவது பார்க்க வேண்டியது. சான் கேப்ரியல் மலைமீது வெளிச்சம் மாறுவதை எந்த கேமராவும் சரியாகக் காட்டியதில்லை. ஆனால் கார் நிறுத்துவது கோல்ஃப் மைதானப் புல்லில், வெளியே வர மணிக்கணக்கு. பழைய பாசடீனாவிலிருந்து ஷட்டில் பிடிப்பது நல்லது.

பை 12 x 6 x 12 அங்குலத்துக்குள், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக். டிக்கெட்டை வாசலுக்கு வருமுன்னே போனின் வாலெட்டில் ஏற்றிவிடுங்கள். வாசலில் நெட்வொர்க் திணறும். ஆட்டம் மூன்றரை மணி நேரம் ஓடும்.

மார்கழிப்பனி:

மூவருக்கும் மிக்க நன்றி. இன்னும் ஒன்று மட்டும். நட்சத்திர வீரர்கள் பௌலில் ஆடாமல் விலகுகிறார்களே, டிக்கெட் வாங்கியவருக்கு அது நஷ்டம்தானே?

கோல்போஸ்ட் பதில்:

நஷ்டம்தான். ஆனால் வீரர்மேல் கோபப்பட எனக்கு மனம் வரவில்லை. 2016 ஜனவரி 1 ஃபியஸ்டா பௌலில் நோட்ரே டேமின் ஜேலன் ஸ்மித் முழங்கால் சிதைந்தார். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் சில பெயர்களில் ஒன்றாக எடுக்கப்பட வேண்டியவர், 34-வது இடத்துக்கு இறங்கினார். அந்த ஒரு ஆட்டத்தின் விலை கோடிக்கணக்கான டாலர். அதே ஆண்டு டிசம்பரில் லெனார்ட் ஃபோர்னெட்டும் கிறிஸ்டியன் மெக்காஃப்ரியும் தங்கள் பௌல்களில் ஆடவில்லை. இருவரும் முதல் பத்துக்குள் எடுக்கப்பட்டார்கள். அதன்பின் கதவு திறந்துவிட்டது.

அதற்கு மேல் வேறு கல்லூரிக்கு மாற விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல், டிசம்பரிலேயே திறந்தது. 2023-ல் 13-0 என்று தோல்வியே காணாத ஃபுளோரிடா ஸ்டேட் பிளேஆஃபில் சேர்க்கப்படவில்லை. மனமுடைந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் விலக, ஆரஞ்ச் பௌலில் ஜார்ஜியாவிடம் 63-3. அன்று டிக்கெட் வைத்திருந்தவர்கள் பார்த்தது அந்தச் சீசனின் ஃபுளோரிடா ஸ்டேட் அல்ல.

2025-ல் அணிகளே விலகின. பிளேஆஃப் கிடைக்காத நோட்ரே டேம் பௌலே வேண்டாம் என்றது. கோச் மாற்றத்தில் இருந்த அயோவா ஸ்டேட்டும் கான்சஸ் ஸ்டேட்டும் மறுத்தன. அவற்றின் கான்ஃபரன்ஸான பிக் 12 ஆளுக்கு 5 லட்சம் டாலர் அபராதம் போட்டது.

இதற்கு இரண்டு மருந்து தெரிகிறது. போர்ட்டலை ஜனவரிக்குத் தள்ளியது ஒன்று, 2026-ல் ஜனவரி 2 முதல் 16 வரை. இன்னொன்று பணம். 2025 ஜூலை முதல் கல்லூரிகளே வீரருக்கு நேரடியாகக் கொடுக்கலாம். அந்த ஒப்பந்தத்தில் பௌல் ஆட்டத்துக்கென்று ஒரு தொகையை எழுதினால் டிராஃப்டுக்குப் போகாத பெரும்பாலான வீரர்கள் தங்கிவிடுவார்கள். முதல் சுற்று வீரரை அது கட்டிப்போடாது, கட்டிப்போடவும் கூடாது.

தெற்குவாசல்:

டிக்கெட் வாங்குபவருக்கு ஒரு வழி: விலகல் அறிவிப்புகள் பெரும்பாலும் ஜோடி அறிவித்த முதல் பத்து நாளில் வந்துவிடும். தாக்குதலை நடத்தும் குவார்ட்டர்பேக் ஆடுகிறாரா என்று பார்த்துவிட்டு வாங்குங்கள். அவர் இல்லையென்றால் மறுவிற்பனை விலையும் அன்றே இறங்கும்.