நெஞ்சில் கண்ட முடிச்சுகள் மண்ணீரல் என்று தெரியவந்த அனுபவங்கள்

புதுக்குடியிருப்பிலிருந்து:
அப்பாவின் இடது நெஞ்சுக்கூட்டின் உட்சுவரில் ஐந்து முடிச்சுகள் இருப்பதாகச் சீ.ரி. ஸ்கான் அறிக்கை வந்தபோது, அவர் சுருட்டுக் குடித்தவர் என்பதால் எல்லோரும் ஒன்றையே நினைத்தோம். ஊசியால் துண்டு எடுக்கத் திகதியும் குறித்தாயிற்று. 2009 இல் எறிகணைச் சிதறல் அவருடைய பிரிமென்றகட்டை, அதாவது நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத்திரையை, கிழித்து மண்ணீரலைச் சிதைத்திருந்ததை எவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. சத்திரசிகிச்சைக் குறிப்புகள் மாத்தளனில் விட்ட பெட்டியோடு போய்விட்டன. தழும்பைப் பார்த்துக் கேட்டவர் ஓர் இளம் வைத்தியர்தான்.

கொழும்பில் அப்பாவின் இரத்தத்தையே எடுத்து, அதில் தெக்னீசியம் 99எம் என்ற கதிரியக்கப் பொருளைச் சேர்த்து, 49.5 பாகை நீர்த்தொட்டியில் கால்மணி நேரம் சூடாக்கி, திரும்ப அவருக்கே ஏற்றினார்கள். சூட்டில் பழுதான செங்குழியங்களை வடித்துப் பிடிப்பது மண்ணீரல் இழையத்தின் இயல்பு, புற்றுக்கட்டி அதைச் செய்யாது. திரையில் மண்ணீரல் இருந்த இடம் வெறுமையாகவும், அந்த ஐந்து முடிச்சுகளும் அந்தச் செங்குழியங்களைப் பிடித்துக் கறுத்தும் தெரிந்தன. சிதறிய துணுக்குகள் கிழிவு வழியே மேலே போய் ஒட்டி வளர்ந்துள்ளன என்று வைத்தியர் விளக்கியதும் அப்பா கேட்டார்: “அப்ப அதுவும் இடம்பெயர்ந்து போய்க் கொட்டில் போட்டிருக்கு, என்ன?” அறையில் அவர் மட்டுமே சிரித்தார். ஊசி குத்தியிருந்தால் எவ்வளவு இரத்தம் போயிருக்கும் என்பதை நான் இன்னமும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மாங்குளத்திலிருந்து:
மேலே எழுதியவரின் நிம்மதி புரிகிறது. ஆனால் எஞ்சிய மண்ணீரல் எல்லோருக்கும் நற்செய்தி அல்ல. குருதிச் சிறுதட்டுகள் அழியும் நோய்க்காக என் மனைவியின் மண்ணீரலை அகற்றிய பின்னரும் சிறுதட்டுகள் மறுபடி குறைந்தன. இதே சோதனையில் பிறவியிலேயே கூடுதலாக இருந்த, கடலையளவு துணை மண்ணீரல் ஒன்று அகப்பட்டது. எங்களுக்கு அது எதிரி, அதையும் வெட்டி எடுக்க வேண்டியதாயிற்று.

கிளிநொச்சியிலிருந்து:
என் தம்பிக்கு முதலில் செய்தது, கதிரியக்கம் சேர்த்த நுண்துணிக்கைகளை இரத்தத்தில் ஏற்றிப் பார்க்கும் கூழ்மத் துணிக்கை ஸ்கான். அந்தத் துணிக்கைகளை ஈரலும் நிறைய உறிஞ்சுவதால், ஈரலருகே இருந்த முடிச்சு மறைந்துபோனது. சூடாக்கிய செங்குழியச் சோதனையே முடிவைத் தந்தது.

யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். துணுக்குகள் வளர்ந்திருப்பதால் மண்ணீரல் திரும்பிவிட்டது என்று எண்ணவேண்டாம். கிருமிகளிடமிருந்து காப்பதற்கு அவை போதும் என நம்பியிருக்க முடியாது. நியூமோகொக்கசு, மெனிங்கோகொக்கசு, ஹீமோபிலஸ் பி ஆகியவற்றுக்கான தடுப்பூசிகளைப் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள், காய்ச்சல் வந்தால் பனடோலோடு வீட்டில் கிடக்காமல் அன்றே வைத்தியசாலைக்குப் போங்கள், போனதும் மண்ணீரல் இல்லை என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மலேரியா பற்றி வன்னிக்காரருக்கு நான் சொல்லத் தேவையில்லை; 2016 இல் இலங்கை மலேரியா அற்ற நாடாகச் சான்று பெற்றாலும், மண்ணீரல் இல்லாமல் இந்தியாவுக்குப் பயணம் போகிறவர் முன்கூட்டியே மாத்திரை பற்றி விசாரிக்க வேண்டும். கதிரியக்கத்துக்குப் பயந்து சோதனையைத் தள்ளிப்போடுவோருக்கும் ஒரு சொல்: தெக்னீசியத்தின் அரைவாழ்வுக்காலம் 6 மணித்தியாலம் மாத்திரமே.

புதுக்குடியிருப்பிலிருந்து:
அப்பாவுக்கு இத்தனை வருடத்தில் ஒரு தடுப்பூசிகூடப் போடவில்லை. வெள்ளிக்கிழமை கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன்.