பலாலியிலிருந்து சென்னைக்கு 360 கி.மீ. தூரத்துக்கு ஏன் ஒன்றேகால் மணி நேரம்? (அவசர உதவி)

கோண்டாவிலான்:
வணக்கம். எனது பெரியம்மா அடுத்த வாரம் யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்திலிருந்து சென்னை சென்று, அங்கிருந்து இலண்டனுக்குப் பயணமாகிறார். தூரம் 360 கி.மீ. மட்டுமே, விமானம் மணிக்கு 800 கி.மீ. பறக்குமென்றால் அரை மணியில் இறங்கிவிட வேண்டும். சீட்டிலோ ஒன்றேகால் மணி எனப் போட்டிருக்கிறார்கள். அரை மணிக் கணக்கை நம்பி அடுத்த விமானத்தைப் பிடிக்கலாமா? விரைவாகப் பதில் தாருங்கள்.

வடலி:
சென்னையில் இறங்குவதற்கும் இலண்டன் விமானம் புறப்படுவதற்கும் இடையில் எவ்வளவு நேரம் இருக்கிறது? இரண்டும் ஒரே சீட்டா, தனித்தனிச் சீட்டுகளா? அதைச் சொல்லாமல் எவராலும் பதில் கூற முடியாது.

சோளகம்:
இது காற்றின் வேலை. வாடை என்னும் வடகிழக்குக் காற்று வீசும் மாதங்களில் வடக்கு நோக்கிப் பறக்கும் விமானத்துக்கு எதிர்க்காற்று. சோளகம் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் பின்னாலிருந்து தள்ளிவிடும். எந்த மாதம் என்று பார்த்தாலே போதும்.

வான்நோக்கி:
இந்தக் கேள்வி இங்கே பலமுறை வந்துவிட்டது. பழைய இழைகளைப் புரட்டும் பொறுமைதான் எவருக்கும் இல்லை. இரண்டு ஊர்களும் ஏறத்தாழ கிழக்கு நெடுங்கோடு 80 பாகையில் இருப்பதால், அகலக்கோட்டு வித்தியாசமான 3.2 பாகையை, பாகைக்கு 111 கி.மீ. வீதம் பெருக்கினால் 355 கி.மீ. வருமென்பதைப் பள்ளி மாணவரும் கணக்கிடுவார். ஆனால் பலாலியின் ஓடுபாதை குறுகியது. அங்கு வருவது ஏடிஆர் 72 என்னும் விசிறி விமானம், அதன் வேகம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. அந்த வேகத்தில் 43 நிமிடம் ஆகும். மேலேறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. சீட்டில் உள்ள நேரமோ விமானம் தரிப்பிடத்தை விட்டு நகர்வது தொடங்கி மறு தரிப்பிடத்தில் நிற்பது வரையிலானது. சென்னையில் இறங்க முறை காத்திருப்பதும் அதற்குள் அடக்கம். காற்று 40 கி.மீ. வேகத்தில் எதிர்த்தாலும் நான்கு நிமிடம்தான் கூடும், சோளகம் அவர்களே.

சோளகம்:
நான்கு நிமிடமும் நேரம்தானே, ஐயா. 1947இல் எயார் சிலோன் நிறுவனத்தின் டகோட்டா என்னும் பழைய விசிறி விமானம் கொழும்பை அடுத்த இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குப் பறந்தபோது, அதன் வேகம் 300 கி.மீ. அளவில்தான் இருந்தது. மெதுவான விமானத்தைக் காற்று கூடுதலாகவே தாமதப்படுத்தும்.

வான்நோக்கி:
கேட்டவரின் பெரியம்மா டகோட்டாவில் போகவில்லை.

நெடுவழி:
காங்கேசன்துறையிலிருந்து நாகபட்டினத்துக்குக் கப்பலிலும் போகலாமே?

வடலி:
கடலில் நான்கு மணி நேரம் போய், பிறகு சென்னைக்குத் தரைவழியே ஏறத்தாழ 300 கி.மீ. போக வேண்டும், வயதானவருக்கு அது ஆகாது. கோண்டாவிலான், பறக்கும் நேரத்தை விடுங்கள். தனித்தனிச் சீட்டுகள் என்றால் அவர் சென்னையில் குடிவரவைக் கடந்து, பொதிகளை எடுத்து, மீண்டும் ஒப்படைக்க வேண்டும். அதற்கு இந்திய விசா தேவை. முதல் விமானம் தாமதமானால், இரண்டாவது சீட்டுக்கு எவரும் பொறுப்பேற்க மாட்டார்கள். இரு நாடுகளுக்கும் ஒரே நேரம் என்பதால் கடிகாரக் குழப்பம் மட்டும் இல்லை.

கோண்டாவிலான்:
தனித்தனிச் சீட்டுகள்தான், இடைவெளி இரண்டு மணி. இலண்டன் சீட்டை மறுநாளுக்கு மாற்றி, விசாவுக்கும் விண்ணப்பித்துவிட்டோம். நன்றி.

சோளகம்:
எந்த மாதம் என்று கடைசிவரை சொல்லவில்லையே.