டிசம்பர் 10 நோன்பு நாளாம்

குழு: பாளை வீடு

ஞாயிறு, இரவு 8:12

அம்மா: எல்லாருக்கும் தோத்திரம். ஒரு சிக்கல். டிசம்பர் 10 ஆகாதாம். மாப்பிள்ளை வீட்டிலிருந்து இப்போதுதான் போன் வந்தது. டிசம்பர் 1 முதல் கிறிஸ்துமஸ் வரை அவர்கள் கேரளத்து சிரியன் ஆர்த்தடாக்ஸ் சபை இல்லையா, அவர்களுக்கு 25 நாள் நோன்பு. அந்த நாட்களில் கல்யாணம் வைக்க மாட்டார்களாம்.

சாம்: மண்டபத்துக்கு முன்பணம் கட்டியாச்சே

மாமா: எவ்வளவு

சாம்: 40

மாமா: ஐயோ

ஷீலா அத்தை: நான் அப்போதே சொன்னேன். யாரும் கேட்கவில்லை.

ஷீலா அத்தை: இன்னொன்றும் கேள்விப்பட்டேன். கோட்டயம் பக்கம் வேலை பார்த்த ஒருவர் சொன்னார். அந்தச் சபைக்காரர்கள் இயேசுவின் மனுஷத்தன்மையை ஒத்துக்கொள்ள மாட்டார்களாம். ஒரே இயல்புதான் என்பார்களாம். அப்படியென்றால் அது வேறு மதம்தானே? பிள்ளையை அங்கே கொடுக்கலாமா?

ஜெபா: அத்தை, அப்படி இல்லை

ஷீலா அத்தை: நீ சும்மா இரு மக்களே. பெரியவர்கள் பேசட்டும்.

சாம்: பெரியப்பா பத்து நிமிஷமாக டைப் பண்ணிக்கொண்டிருக்கிறார்

மாமா: போச்சு

பெரியப்பா: ஷீலா, அது வேறு மதம் இல்லை. திருவிருந்து ஆராதனையில் எழுந்து நின்று நிசேயா விசுவாசப்பிரமாணம் சொல்கிறோமே, ஓரிரு சொல் தவிர அதையேதான் மாப்பிள்ளை வீட்டாரும் சொல்கிறார்கள். அதற்கு வேர் போட்டது கி.பி. 325-இல் நிசேயாவில் கூடிய பிஷப்புகளின் சங்கம். அலெக்சாந்திரியாவில் ஆரியுஸ் என்று ஒரு மூப்பர், குமாரன் படைக்கப்பட்டவர், அவர் இல்லாதிருந்த காலம் உண்டு என்று போதித்தார். சங்கம் அதைத் தள்ளியது. 381-இல் கான்ஸ்டான்டிநோபிளில் அந்தப் பிரமாணத்தை விரித்து எழுதினார்கள். அதுவரைக்கும் நாமும் அவர்களும் ஒரே வீடு.

பெரியப்பா: பாகப்பிரிவினை நடந்தது 451-இல், கல்செதோனில். இன்றைக்கு அது இஸ்தான்புல் நகரத்தில் ஒரு பகுதி. சண்டை எதற்கு என்று தமிழ் வாத்தியாராகச் சொல்கிறேன், கேளுங்கள். வேற்றுமை உருபுக்கு! தெய்வ இயல்பு, மனுஷ இயல்பு என்று இரண்டு. கிறிஸ்து 'இரண்டு இயல்புகளிலிருந்து' ஒருவர் என்றது மாப்பிள்ளை வீட்டுச் சபையின் பக்கம். 'இரண்டு இயல்புகளில்' ஒருவர் என்று சங்கம் எழுதியது. கிரேக்கத்தில் 'எக்', 'என்' என்ற இரண்டு சின்னச் சொற்கள். நம் கணக்கில் ஐந்தாம் வேற்றுமையும் ஏழாம் வேற்றுமையும். தமிழிலே 'இல்' உருபு இரண்டுக்கும் வரும். பிள்ளைகள் பரீட்சையில் மாற்றி எழுதினால் அரை மதிப்பெண் குறைப்பேன். அங்கே உலகமே இரண்டாகிவிட்டது.

சாம்: எனக்கும் குறைத்திருக்கிறீர்கள்

அம்மா: அத்தான், தேதியைப் பற்றிச் சொல்லுங்கள்

பெரியப்பா: வருகிறேன். ஷீலா கேட்டதற்கு முதலில் பதில். கிறிஸ்துவின் மனுஷத்தன்மை தெய்வத்தன்மையில் கரைந்துபோனது என்ற போதனைக்குப் பேர் வாங்கியவர் எயுத்திக்கேஸ் என்ற துறவி. அவரை மாப்பிள்ளை வீட்டுச் சபையும் தள்ளிவிட்டது. இவர்கள் சொல்வது, அவர் முழுத் தேவன், முழு மனுஷன், இரண்டும் கலவாமலும் பிரியாமலும் ஒன்றாகிவிட்டது என்பது. 'இயல்பு' என்ற சொல்லை ஒருவர் ஒரு பொருளில் எடுத்தார், மற்றவர் வேறு பொருளில் எடுத்தார். 1984-இல் போப் இரண்டாம் யோவான் பவுலும் சிரியன் ஆர்த்தடாக்ஸ் பேட்ரியார்க், அதாவது தலைமைப் பிஷப், ஸாக்காவும் கையெழுத்துப் போட்ட அறிக்கையிலேயே இது இருக்கிறது. பிரிவினை வந்தது சொல்லாலும் பண்பாட்டு வித்தியாசத்தாலும், விசுவாசத்தின் சாரத்தில் இல்லை என்று.

ஷீலா அத்தை: அதைக் கண்டுபிடிக்க 1500 வருஷமா?

பெரியப்பா: ஆமாம். அதுதான் எனக்கு ஆறவில்லை ஷீலா. நடுவில் எவ்வளவு ரத்தம்! 457-இல் அலெக்சாந்திரியாவில் கல்செதோன் பக்கத்துப் பேட்ரியார்க்கைக் கூட்டம் சேர்ந்து கொன்றது. பிறகு மாப்பிள்ளை வீட்டுச் சபைப் பக்கத்துப் பிஷப்புகளை ரோமப் பேரரசர் நாடு கடத்தினார். குருப்பட்டம் கொடுக்க ஆள் இல்லாமல் போகிற நிலை. அப்போது யாக்கோபு பரதேயு என்று ஒருவர். பரதேயு என்றால் குதிரைச் சேணத்துத் துணி. கிழிந்த அந்தத் துணியைத் தைத்து உடுத்திக்கொண்டு, பிச்சைக்காரன் மாதிரி கால்நடையாகவே சிரியாவிலும் சின்ன ஆசியாவிலும் எகிப்திலும் திரிந்து ரகசியமாகக் குருமாரை ஏற்படுத்தினார். யாக்கோபாயர் என்ற பேர் அவரால் வந்தது. அந்தக் கந்தல்துணி இல்லையென்றால் அந்தச் சபை இன்றைக்கு இல்லை.

மாமா: 🙏

அம்மா: அங்கே தாலி கட்டுவார்களா என்று யாராவது கேட்டீர்களா?

ஜெபா: மின்னு கட்டுவார்கள் அம்மா. இலை மாதிரி சின்னதாக இருக்கும், மேலே பொன்மணிகளால் சிலுவை. மாப்பிள்ளை வீட்டில் மந்திரகோடி என்று சேலை எடுப்பார்கள். அதிலிருந்து ஏழு நூல் உருவி முறுக்கி, அந்தச் சரட்டில் மின்னு கோத்துக் கட்டுவார்கள்.

அம்மா: புதுச் சேலையில் நூல் உருவுவார்களா?

ஷீலா அத்தை: பட்டா?

ஜெபா: பட்டுதான்

ஷீலா அத்தை: ம்

இரவு 9:05

தூத்துக்குடி சித்தப்பா: எல்லாம் வாசித்தேன். சங்கம், உருபு, இதெல்லாம் மனுஷர் உண்டாக்கினது. ஆதி சபையில் இப்படிப் பிரிவு உண்டா? ஒருமனப்பட்டிருந்தார்கள், சகலமும் பொதுவாக இருந்தது. அப்போஸ்தலர் 2. நாம் அங்கே திரும்ப வேண்டும். சபைப் பெயர்ப்பலகை வேண்டாம்.

பெரியப்பா: தம்பி, 2-ஆம் அதிகாரத்திலேயே நின்றுவிடாதே. 6-க்கு வா. எருசலேமில் சபை வளர்ந்ததும் வந்த முதல் முறுமுறுப்பு எதற்கு? சோற்றுக்கு! கிரேக்கு பேசுகிற விதவைகளை அன்றாடப் பந்தி விசாரணையில் விட்டுவிட்டார்கள் என்று.

தூத்துக்குடி சித்தப்பா: பந்தியைப் பற்றி நீங்களா பேசுகிறீர்கள் பெரிய அண்ணன்? 98-இல் நடந்த அசன விருந்து எனக்கு மறக்கவில்லை.

தூத்துக்குடி சித்தப்பா: என் மாமியார் வீட்டார் முன்னால் வெறும் சோறும் ரசமும்.

(யாரும் எழுதவில்லை. 11 நிமிடம்.)

மாமா: அந்த அசனத்துக்கு வாங்கின பெரிய அண்டா இப்போது யாரிடம் இருக்கிறது? சும்மா கேட்டேன்

சாம்: எங்கள் மாடியில். அடியில் ஓட்டை

அம்மா: ஓட்டை இல்லை. ஒடுங்கியிருக்கிறது. தட்டி எடுத்துவிடலாம்.

ஷீலா அத்தை: அது அப்பா வாங்கினது. மூத்த வீட்டுக்குப் போக வேண்டியது.

சாம்: ஆச்சி குரல் பதிவு போடத் தெரியாமல் என்னிடம் சொல்கிறாள். அப்படியே எழுதுகிறேன்: "அன்றைக்குக் கறி தீர்ந்தது உண்மை. கடைசிப் பந்தி வரைக்கும் எத்தனை ஆட்கள் வருவார்கள் என்று நான்தான் கணக்குத் தப்பாகச் சொன்னேன். இவனை வேண்டுமென்று யாரும் உட்கார்த்தி வைக்கவில்லை. எத்தனை தடவை சொல்வது?"

தூத்துக்குடி சித்தப்பா: அம்மா இதை ஒரு தடவைகூடச் சொன்னதில்லை.

பெரியப்பா: தம்பி, அந்த 6-ஆம் அதிகாரத்தை முடித்துவிடுகிறேன், கோபப்படாமல் வாசி. முறுமுறுப்பு வந்ததும் அப்போஸ்தலர்கள் அவர்களை அதட்டவில்லை. ஏழு பேரைத் தெரிந்துகொள்ளச் சொன்னார்கள். ஸ்தேவான், பிலிப்பு, பிரொகோரு, நிக்கானோர், தீமோன், பர்மெனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர். குறை சொன்ன கூட்டத்தின் கையிலேயே கரண்டியைக் கொடுத்துவிட்டார்கள். வருஷக்கணக்காக இதைப் பிரசங்கத்தில் கேட்டிருக்கிறேன். அந்தப் பெயர்களைக் கவனித்தது போன வருஷம்தான்.

பெரியப்பா: அடுத்ததும் பந்திதான். அந்தியோகியா. கிறிஸ்தவர்கள் என்ற பேர் முதலில் வழங்கிய ஊர். அங்கே பேதுரு புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எருசலேம் சபைத் தலைவர் யாக்கோபிடமிருந்து ஆட்கள் வந்ததும் எழுந்து விலகிவிட்டார். பவுல் முகத்துக்கு நேரே கேட்டார். கலாத்தியர் 2. விருத்தசேதனம் இல்லாதவன் சபைக்குள் வரலாமா என்று எருசலேமில் கூடிப் பேசினதும் அந்த நாட்களில்தான். ஆதி சபை என்பது சண்டை இல்லாத சபை அல்ல தம்பி. சண்டை போட்டும் ஒரே பந்தியில் உட்காரப் பார்த்த சபை.

தூத்துக்குடி சித்தப்பா: ம்.

ஷீலா அத்தை: எனக்கு ஒரு சந்தேகம். பிள்ளைக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுப்பார்களா? அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

ஜெபா: இல்லை அத்தை. அவர்கள் குருவானவர், அச்சனிடம் கேட்டோம். நம் ஞானஸ்நானம் போதுமாம். மூரோன் என்ற அபிஷேகத் தைலம் மட்டும் பூசுவார்களாம்.

பெரியப்பா: இதுவும் பழைய வழக்கு. 303-இல் ரோமப் பேரரசர் தியோக்லேத்தியன் நடத்திய உபத்திரவத்தில் பயந்து வேதபுத்தகங்களை ஒப்படைத்த குருமார் இருந்தார்கள். அப்படிப்பட்டவர் கை பட்ட பட்டமும் ஞானஸ்நானமும் செல்லாது என்று வட ஆப்பிரிக்காவில் தோனாத்தியர் பிரிந்தார்கள். கொடுப்பவர் யாராக இருந்தாலும் ஞானஸ்நானம் கிறிஸ்துவுடையது என்று பிஷப் அகுஸ்தீன் வாதாடினார்.

ஷீலா அத்தை: தாமிரபரணியில் இரண்டாம் தடவை மூழ்கினவர்களும் இந்தக் குழுவில் இருக்கிறார்கள்.

தூத்துக்குடி சித்தப்பா: அக்கா, வேண்டாம்.

அம்மா: மதினி, விடுங்கள். தேதி தேதி தேதி.

பெரியப்பா: தேதிக்கு வருகிறேன். ஈஸ்டரை எந்த நாளில் கொண்டாடுவது என்று இரண்டாம் நூற்றாண்டிலேயே வழக்கு. சின்ன ஆசியாவில் யூத மாதமான நிசான் 14, எந்தக் கிழமையாக இருந்தாலும். ரோமில் ஞாயிற்றுக்கிழமைதான். ஏறத்தாழ 155-இல் சிமிர்னா பிஷப் பொலிக்கார்ப்பு தள்ளாத வயதில் ரோமுக்குப் போய் அங்கே பிஷப்பாக இருந்த அனிக்கேத்தோடு பேசினார். இவர் இறங்கவில்லை, அவரும் இறங்கவில்லை. ஆனால் அனிக்கேத் தன் சபையிலேயே பொலிக்கார்ப்பைத் திருவிருந்து நடத்தச் சொன்னார். சமாதானமாகப் பிரிந்தார்கள். இதை வாசிக்கும்போதெல்லாம் எனக்குக் கண் கலங்கும். நாமும் நம் தேதியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டாம். அவர்கள் நோன்பு இருக்கிறார்கள், மதிப்போம்.

மாமா: அப்போ எந்தத் தேதி அத்தான்?

பெரியப்பா: கிறிஸ்துமஸ் கழித்து.

சாம்: 27 முதல் 31 வரை நம் ஊரில் ஒரு மண்டபமும் கிடைக்காது

அம்மா: கல்யாண ஓலை கோயிலில் மூன்று ஞாயிறு வாசிக்க வேண்டுமே. நம் சபை ஐயர் அந்த வாரம் ஊரில் இருப்பாரா?

மாமா: ஜனவரி?

ஷீலா அத்தை: ஜனவரியில் என் மகனுக்கு லீவு இல்லை

ஜெபா: அவர்கள் வீட்டில் 28 என்கிறார்கள்

அம்மா: 28 என்ன கிழமை?

சாம்: பார்க்கிறேன்

இரவு 10:20

அப்பா: எல்லாம் வாசித்தேன்.

சாம்: அப்பா!!

அப்பா: எந்தத் தேதி வந்தாலும் சரி. பந்தி யார் பார்ப்பது?

மாமா: கேட்டரிங்காரன்

அப்பா: சமைப்பது அவன். பந்தி பார்ப்பது வீட்டு ஆள்தான். தம்பி, நீ பார்க்கிறாயா?

(தூத்துக்குடி சித்தப்பா எழுதி, நிறுத்தி, எழுதுகிறார்.)

தூத்துக்குடி சித்தப்பா: எத்தனை இலை சின்ன அண்ணன்?

அப்பா: நம் பக்கம் 600. அவர்கள் பக்கம் தெரியவில்லை.

தூத்துக்குடி சித்தப்பா: கறிக்கு நான் சொல்கிற கணக்குத்தான். அம்மா கணக்கு வேண்டாம்.

சாம்: ஆச்சி சிரிக்கிறாள்

ஷீலா அத்தை: அண்டா?

அம்மா: மதினி, நாளைக்குப் பேசுவோம்.

சாம்: மண்டபத்துக்காரர் போன் எடுக்கவில்லை. காலையில் நேரில் போகிறேன்

மாமா: 40-ஐக் கேள்