மறு: லெகசி சாஃப்ட்வேருக்குத் தமிழ் – ‘அக்கால மென்பொருள்’ என்று சொல்லலாமா?

கலைச்சொல் அகராதிக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

பழைய எந்திரங்களுக்காக இன்னும் தேவைப்படும் பழைய மென்பொருளைத்தான் லெகசி சாஃப்ட்வேர் என்கிறோம். அதற்குப் போன வாரம் ஐயா கொடுத்த நான்கு சொற்களையும் பார்த்தேன்: மரபு மென்பொருள், வழக்கொழிந்த மென்பொருள், காலாவதி மென்பொருள், கைவிடப்பட்ட மென்பொருள். நான் கோவைப் பக்கம் ஆலைகளில் பிஎல்சி வேலை பார்க்கிறவன். எந்திரத்தை நிரலின்படி இயக்கும் கணினிப் பெட்டி அது. நிரல்படு ஏரணக் கட்டுப்படுத்தி என்று இங்கே எழுதுகிறோம், சரி. ஆனால் பேனலைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்கும்போது வாயில் பிஎல்சிதான் வருகிறது, மன்னிக்கவும்.

சொல்லுக்குப் போவதற்கு முன் பொருளைச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவில் ஓடி, பழைய எந்திரமாக விலைக்கு வாங்கி இங்கே இறக்கிய ஒரு துணி எந்திரம். உள்ளே சீமென்ஸ் எஸ்5-115யூ என்ற பிஎல்சி. எஸ்5 வரிசை 1979இல் வந்தது. இன்னும் மூன்று ஷிப்டும் ஓடுகிறது. பொங்கல் விடுமுறைக்கு ஆலையில் மெயினை அணைத்துவிட்டுப் போனார்கள். நினைவகத்தைக் காக்கும் பேட்டரி எப்போதோ தீர்ந்திருந்தது. எச்சரிக்கை விளக்கு எரிந்ததை யாரும் பார்க்கவில்லை. திரும்பி வந்து சுவிட்சைப் போட்டால் கட்டுப்படுத்திக்கு ஒன்றுமே நினைவில்லை. மின்சாரம் போனாலும் அழியாத ஈப்ராம் நினைவகக் கட்டையில் நிரலை எழுதிச் செருகியிருந்தால் தப்பித்திருக்கும். அந்த இடம் காலியாக இருந்தது.

நல்லவேளை, எந்திரத்தோடு வந்த கோப்பில் நிரலின் அச்சுப்படி இருந்தது. ஜெர்மன் படி. அதில் ‘ஏ’ என்ற எழுத்தை நான் ஆங்கிலப் பழக்கத்தில் ‘மற்றும்’ கட்டளை என்று வாசித்துக்கொண்டே போனேன். எதுவும் பொருந்தவில்லை. ஜெர்மனில் ‘மற்றும்’ என்றால் ‘உண்ட்’, அதனால் அந்தக் கட்டளைக்கு ‘யூ’. ‘ஏ’ என்பது ‘ஆவுஸ்காங்’, அதாவது வெளியீடு. ஒரே எழுத்து, இரண்டு ஊரில் இரண்டு வேலை. அரை நாள் போயிற்று.

அச்சுப்படி இருந்தால் போதுமா? அதை உள்ளே ஏற்ற எஸ்5க்கான நிரலாக்க மென்பொருள் ஸ்டெப் 5 வேண்டும். பின்னால் வந்த ஸ்டெப் 7, எஸ்5 நிரலை அடுத்த வரிசையான எஸ்7க்கு மாற்றித் தரும். ஆனால் எஸ்5 பெட்டியோடு பேசாது. ஸ்டெப் 5 முதலில் சிபி/எம், பிறகு டாஸ் என்ற பழைய இயங்குதளங்களில் ஓடிய மென்பொருள். பெட்டியின் 15 முனைத் துளையில் போவது 20 மில்லியாம்பியர் மின்னோட்டச் சுற்று. கணினியின் சீரியல் போர்ட்டோடு சேர்க்க நடுவில் ஒரு மாற்றி வேண்டும். இன்றைய மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் சீரியல் போர்ட்டே கிடையாது. யூஎஸ்பி மாற்றி போட்டால், டாஸ் நிரல் நேராக வன்பொருளைத் தேடிப்போய் ஏமாந்து நிற்கும். 64 பிட் விண்டோஸில் 16 பிட் நிரல் திறக்கவே திறக்காது. டர்போ பாஸ்கல் என்ற நிரல்மொழிக் கருவியில் எழுதிய அக்காலத்து நிரல்கள் பலவற்றில் இன்னொரு வேடிக்கை உண்டு: கணினி எவ்வளவு வேகம் என்று தொடக்கத்தில் எண்ணிப் பார்க்கும், வேகம் மிகுந்துவிட்டால் ‘பிழை 200’ என்று சொல்லிப் படுத்துவிடும். கணினி நன்றாக இருப்பதே குற்றம்!

ஆக, தேடுவது ஒரு மென்பொருளை மட்டும் இல்லை. அந்தக் கணினி, அந்த டாஸ், அந்தக் கேபிள், எல்லாம் சேர்ந்த ஒரு தொகுதி. வேறொரு நிறுவனத்தின் பிஎல்சி மென்பொருளான ஆர்எஸ்லாஜிக்ஸ் 500இன் பழைய பதிப்புகளில் உரிமத் திறவியே பிளாப்பியில் வரும். வன்தட்டுக்கு நகர்த்தினால் பிளாப்பியில் இருக்காது. அந்த வன்தட்டு போனால் உரிமமும் போனது மாதிரிதான்.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். ‘மரபு’ என்றால் மரபுக்கவிதை, மரபணு என்று மனம் வேறெங்கோ போகிறது. ‘வழக்கொழிந்த’ தவறு, ஏனென்றால் பொருள் வழக்கில் இருக்கிறது. ஒழிந்தது விற்பனை மட்டும். ‘காலாவதி’ ஆபத்து. உரிமமும் காலாவதி ஆகும் அல்லவா? காசு கொடுத்து வாங்கிய, உரிமம் செல்லுகிற மென்பொருளைக் காலாவதி என்று எழுதினால் தணிக்கைக்கு வருகிறவர் என்ன நினைப்பார்? ‘கைவிடப்பட்ட’ அதைவிட மோசம். விற்பதை நிறுத்தியதால் உரிமை போய்விடாது; யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை அந்தச் சொல் கொடுக்கிறது. பழைய பதிப்பு வேண்டுமானால் முதலில் தயாரிப்பாளரிடம் கேட்கவேண்டும், அல்லது உரிமத்தோடு விற்கிறவரிடம் வாங்கவேண்டும்.

எங்கள் ஆட்கள் எப்படிக் கேட்கிறார்கள் தெரியுமா? “அந்தக் காலத்து சாஃப்ட்வேர் ஏதாவது வச்சிருக்கீங்களா சார்?” நான் முன்வைப்பது அதையேதான்: அக்கால மென்பொருள். அக்காலக் கணினி, அக்காலக் கேபிள் என்று நீட்டிக்கொள்ளவும் வருகிறது. குழு என்ன சொல்கிறது?

*

தம்பிக்கு,

காலாவதி பற்றிச் சொன்னதை ஒப்புக்கொள்கிறேன், அதைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம். ஆனால் ‘அக்கால’ என்பது சுட்டு. எக்காலம்? அகராதியில் தனியாக நிற்கும்போது கை நீட்டிக்கொண்டு நிற்கும், எதிரே பொருள் இருக்காது. வன்பொருளின் காலத்தோடு சேர்ந்தது என்பதுதானே கருத்து? ‘உடன்கால மென்பொருள்’ என்றால் துல்லியமாக இருக்குமே.

*

ஐயா,

மாலை ஷிப்டில் சொல்லிப் பார்த்தேன். “உடன்காலமா? உடனே கிடைக்கிற சாஃப்ட்வேரா சார்?” என்று கேட்டான் பையன். நாங்கள் தேடுவது அதற்கு நேர் எதிர்.

*

இருவருக்கும் வணக்கம். நான் மொழிபெயர்ப்புப் பக்கம். ஐயா குறை என்று சொன்னது எனக்கு நிறையாகப் படுகிறது. இந்த மென்பொருள் தனியாகப் பழையது அல்ல. ஏதோ ஒரு பெட்டியை வைத்துத்தான் பழையது. ஸ்டெப் 5 எஸ்5க்குத்தான் பொருள் தரும். சுட்டு எழுத்து அந்தப் பெட்டியைச் சுட்டட்டுமே. பதிவில் ‘ஒரு கட்டுப்படுத்தி விற்பனையில் இருந்த காலத்தில் அதை நிரல்படுத்த வெளியான மென்பொருள்’ என்று விளக்கம் கொடுத்துவிட்டால் ஐயாவின் கேள்விக்கும் விடை வந்துவிடும். ஒரு ஐயம் மட்டும்: நேற்று விற்பனை நின்ற கட்டுப்படுத்திக்கு அக்காலம் என்பது ஒட்டுமா?

*

அக்கா, ஒட்டாது. அதற்கு இன்னும் பழைய பதிப்பு என்றே சொல்கிறோம், கேட்டால் கிடைக்கவும் கிடைக்கிறது. கிடைக்காமல் போகும்போதுதான் ‘அந்தக் காலத்து’ என்று பேச்சு மாறுகிறது. விளக்கத்தில் ‘இப்போது விற்பனையில் இல்லாத’ என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

*

தம்பி, அக்கால மென்பொருள் என்றே பதிவிடுகிறேன், விளக்கத்தோடு. உடன்காலத்தை அடைப்புக்குள் விட்டுவைக்கிறேன். பிடிவாதம் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த எந்திரம் ஓடியதா என்று நீங்கள் சொல்லவே இல்லையே?

*

ஓடியது ஐயா. ஈரோட்டில் ஒருவர் பழைய டாஸ் கணினியை ஸ்டெப் 5, உரிமம், கேபிள் எல்லாவற்றோடும் துணி போட்டு மூடி வைத்திருந்தார். நிரலை அடித்து ஏற்ற நான்கு நாள். இந்தத் தடவை ஈப்ராமிலும் எழுதிவிட்டேன். காப்புப்படி மட்டும் பிளாப்பியில்தான் எடுக்க முடிந்தது, அதை மாற்றிவைக்க எனக்கு ஒரு மூன்றரை அங்குல டிரைவ் வேண்டும். குழுவில் யாரிடமாவது இருக்கிறதா?