திட ஆக்சைடு எரிபொருள் கலன் அடுக்கில் சீல் விடுகிறது, அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

நண்பர்களுக்கு வணக்கம். ஹைட்ரஜனையும் காற்றையும் கொடுத்து மின்சாரம் எடுக்கும் எங்கள் கலன் அடுக்கு 750 டிகிரி செல்சியஸில் நிற்காமல் ஓடும்வரை பிரச்சினை இல்லை. குளிரவைத்து மறுபடி சூடாக்கினால், சுமை ஏற்றுவதற்கு முன்பே ஓரத்துக் கலன்களில் மின்னழுத்தம் இறங்கிவிடுகிறது. ஹைட்ரஜன் கசிகிறது என்றுதான் படுகிறது.

பிரித்துப் பார்த்தால், வாயு கசியாமல் அடைக்கும் கண்ணாடி சீல் எஃகுத் தகட்டைத் தொடும் விளிம்பில், காற்றுப் பக்கம் மட்டும், மஞ்சள் படலம். கலன்களை இணைக்கும் அந்தத் தகடு குரோஃபர் 22 ஏபியு என்ற குரோமியம் கலந்த எஃகு, கண்ணாடியில் பேரியம் உண்டு. எஃகின் குரோமியத்தோடு சேர்ந்து பேரியம் குரோமேட் ஆகியிருக்க வேண்டும். அது எஃகைவிட அதிகமாக விரிவதால் பிடிப்பு விட்டுப்போகிறது.

சீல் படும் இடத்தில் தகட்டுக்கு அலுமினா பூச்சு கொடுத்தவர்கள் இருக்கிறீர்களா? அல்லது பேரியம் இல்லாத கண்ணாடிக்கே மாறிவிடலாமா? மைக்கா சீலையும் யோசித்தோம். அதை நன்றாக அழுத்திப் பிடிக்க வேண்டும், மெல்லிய கலன்கள் தாங்குமா என்று தயக்கமாக இருக்கிறது.

ஜெர்மனியின் யூலிஷ் ஆய்வு மையத்தில் ஓர் அடுக்கு 2007-இல் தொடங்கிப் பத்து ஆண்டுகளுக்கும் மேல் 700 டிகிரியில் ஓடியது. பெரிய சாதனைதான். ஆனால் வீட்டுக்கும் கடைக்கும் போகும் கருவியை அவ்வப்போது அணைத்துத்தான் ஆகவேண்டும், அங்கேதான் எங்களுக்கு இடிக்கிறது.

அப்புறம், குளிர்விக்கும்போது நிமிடத்துக்கு எத்தனை டிகிரி இறக்குகிறீர்கள்? அதை மட்டுமாவது சொன்னால் பெரிய உதவி.