சீனி வருத்தம் கண்ணுக்குள் என்னதான் செய்கிறது?

கொக்குவில் பொடியன்:
அம்மாவுக்குக் கனகாலமாக நீரிழிவு. போன கிழமை கிளினிக்கில் சொட்டு மருந்து விட்டுக் கண்மணியை விரித்துப் பார்த்துவிட்டு, விழித்திரையில் சின்னச் சின்ன இரத்தக்கசிவு இருக்கு என்றார்கள். அவவுக்குப் பார்வையில் ஒரு குறையும் இல்லை, பேப்பர்கூட வாசிக்கிறா. அப்ப உள்ளே என்ன நடக்குது?

பயோ ரீச்சர்:
தம்பி, தசைக்குள் குளுக்கோஸ் போக இன்சுலின் வேணும், விழித்திரைக்கு அது தேவையில்லை. இரத்தத்தில் கூடினால் அங்கேயும் கூடும். கூடினதில் ஒரு பங்கை அல்டோஸ் ரிடக்டேஸ் என்ற நொதி சோர்பிட்டோல் என்ற சீனி மதுசாரமாக மாற்றுகிறது, அதற்கு என்ஏடிபிஎச் என்ற துணைப்பொருள் செலவாகிறது, அது குறைந்தால் கலத்தைக் காக்கிற குளூட்டாதயோன் என்ற பொருளைப் புதுப்பிக்க முடியாது, அதனால் ஒட்சியேற்றத் தாக்கத்தைக் கலம் தாங்காது. மிச்சச் சீனி புரதங்களில் ஒட்டி அவற்றையும் கெடுக்கும். முதலில் சாகிறவற்றில் ஒன்று பெரிசைட், மயிர்க்குழாயைச் சுற்றிக் கட்டிப்பிடித்திருக்கிற கலம். அது போனால் சுவர் பலவீனமாகிக் குமிழ் மாதிரிப் புடைக்கும், கசியும். அம்மாவுக்குக் கண்டது அதுதான் போல. கசிவு நடுப்புள்ளிக்கு வரும்வரை பார்வை குறையாது.

வடலி:
ரீச்சர் சொன்னது சரி. அப்புறம் குழாய்கள் அடைபட்டால் ஒட்சிசன் காணாமல் விழித்திரை விஈஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரக்கும், அதனால் முளைக்கிற புதுக்குழாய்கள் சும்மாவே உடையும். கண்ணுக்குள் போடுகிற ஊசி அந்தப் புரதத்தைத்தான் தடுக்கிறது.

கொக்குவில் பொடியன்:
நன்றி. அடுத்த மாதம் இன்சுலின் தொடங்குகினம்.

பயோ ரீச்சர்:
அதைக் கண் டொக்டருக்கும் சொல்லுங்கோ. சீனி மளமளவென்று இறங்கினால் தொடக்கத்தில் விழித்திரை கொஞ்சம் மோசமாகலாம். அதுக்காக இன்சுலினை நிற்பாட்ட வேண்டாம்.