சர்வீஸ் கம்பெனியிலிருந்து புராடக்ட் கம்பெனிக்குப் போனவர்கள் சொல்லுங்கள், உள்ளே வேலை எப்படி இருக்கும்?

ஓஎம்ஆர்_பயணி:

வணக்கம். சிறுசேரியில் ஒரு பெரிய சர்வீஸ் கம்பெனியில், அதாவது மற்ற கம்பெனிகளுக்கு மென்பொருள் வேலை செய்து கொடுக்கும் இடத்தில், 4 வருடமாக இருக்கிறேன். ஜாவா, ஒரே வங்கி புராஜெக்ட். கிளையண்ட் கேட்ட ஃபீல்டைத் திரையில் சேர்ப்பேன், டைம்ஷீட் போடுவேன், நான் எழுதியதை யார் பயன்படுத்துகிறார்கள் என்று இன்று வரை எனக்குத் தெரியாது. இப்போது கோவை சரவணம்பட்டியில் 150 பேர் இருக்கும் ஒரு கம்பெனியில் ஆஃபர் வந்திருக்கிறது. புராடக்ட் கம்பெனி, அதாவது சொந்த மென்பொருளைச் செய்து விற்பவர்கள். சர்வர்களைக் கண்காணிக்கும் மென்பொருள் செய்கிறார்கள், வாடிக்கையாளர்கள் பெரும்பாலும் வெளிநாடு. இன்டர்வியூவில் ஒரு ரவுண்டு முழுக்க அவர்களுடைய பழைய கோடில் இரண்டு பக்கத்தைக் கொடுத்து "இது எங்கே உடையும்?" என்று மட்டும் கேட்டார்கள். அந்த ஒரு மணி நேரம் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது, அதனால்தான் போகலாமா என்று யோசிக்கிறேன். அம்மா அப்பா திருப்பூரில் இருக்கிறார்கள், அதுவும் ஒரு காரணம். ஆனால் அங்கே ஆன்-கால் (முறை வைத்து, ராத்திரி பிரச்சினை வந்தாலும் போனை எடுத்துச் சரிசெய்வது) உண்டு என்கிறார்கள், அதை நினைத்தால் பயமாகவும் இருக்கிறது. சம்பளக் கணக்கு வேண்டாம், ஒரு நாள் எப்படிப் போகும் என்று சொல்லுங்கள்.

பீளமேடு_ஜாவா:

தம்பி, நான் 9 வருடமாக இந்த மாதிரி ஒரு கம்பெனியில் இருக்கிறேன். முதல் மூன்று மாதம் நீங்கள் கோட் எழுதுவது மிகக் குறைவாக இருக்கும், படிப்பதுதான் வேலை. 2008ல் யாரோ எழுதிய கிளாஸ் (ஜாவா கோடின் ஒரு பகுதி), அதில் 2013ல் ஒருவர் சேர்த்த இஃப் (இப்படி இருந்தால் இதைச் செய் என்ற நிபந்தனை), அதற்கு மேல் 2019ல் இன்னொருவர் சேர்த்த இஃப். எழுதியவர்கள் யாரும் இப்போது கம்பெனியில் இல்லை. அந்த இஃப் ஏன் இருக்கிறது என்று தெரியாமல் எடுத்தீர்கள் என்றால், எங்கோ ஒரு வாடிக்கையாளருக்கு மறுநாள் உடையும். அதனால் கமிட் ஹிஸ்டரியை (யார் எப்போது எதை மாற்றினார்கள் என்ற பதிவு) தோண்டி, பழைய டிக்கெட்டை (வாடிக்கையாளர் புகார்ப் பதிவு) தேடி, ஓஹோ இதற்காகத்தானா என்று கண்டுபிடிப்பதற்குள் பாதி நாள் போய்விடும். சர்வீஸிலிருந்து வருகிறவர்களுக்கு இது முதலில் வேலையே செய்யாத மாதிரி தோன்றும். எனக்கும் அப்படித்தான் இருந்தது, மாலை ஆறு மணிக்கு இன்று என்ன செய்தேன் என்று கேட்டால் பதில் இருக்காது.

என் முதல் பெரிய பக்கை (கோடில் வரும் பிழை) சொல்கிறேன். தினமும் குறிப்பிட்ட நேரத்தில் ரிப்போர்ட் அனுப்பும் பகுதியை நான்தான் எழுதினேன். நவம்பர் மாதம் ஒரு திங்கட்கிழமை காலை வந்து பார்த்தால், அமெரிக்க வாடிக்கையாளர்களிடமிருந்து வரிசையாக டிக்கெட், ஒரே ரிப்போர்ட் இரண்டு தடவை வந்தது என்று. அங்கே நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைக்கிறார்கள், அதனால் அன்று அதிகாலை 1:30 என்பது இரண்டு முறை வரும். மார்ச் இரண்டாம் ஞாயிறு முன்னால் தள்ளுகிறார்கள், அன்று 2:30 என்று ஒரு நேரமே கிடையாது. நம் ஊரில் கடிகாரத்தை யாரும் மாற்றுவதில்லை, எனக்கு அது மண்டையில் ஏறவே இல்லை. எல்லா நேரத்தையும் யூடிசியில் (உலகப் பொது நேரம்) வைத்தால் சரியாகிவிடும் என்று நினைத்தேன், அதுவும் தப்பு. வாடிக்கையாளர் தினமும் 1:30 என்று சொன்னது அவர் ஊர்க் கடிகாரத்தின் 1:30. அந்த ஊரின் டைம் ஸோனையும் சேர்த்து வைக்க வேண்டும், இந்தத் தேதிக்கு ஒரு தடவை ஓடிவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். மாற்றியது 20 வரிகூட இருக்காது, டெஸ்ட் எழுதவும் கோட் ரிவியூ (மற்றவர்கள் கோடைப் படித்துக் கருத்துச் சொல்வது) முடியவும் இரண்டு வாரம் ஆனது. அடுத்த மார்ச்சில் அந்த ஞாயிறு மதியம் நான் வீட்டில் உட்கார்ந்து லாக்கை (மென்பொருள் தானே எழுதும் நடவடிக்கைப் பதிவு) பார்த்துக்கொண்டே இருந்தேன், யாரும் பார்க்கச் சொல்லவில்லை. ஒரு டிக்கெட்கூட வரவில்லை. அந்த மத்தியான சந்தோஷத்துக்காகத்தான் இன்னும் இங்கே இருக்கிறேன்.

கோட் ரிவியூவில் முதலில் மனசு வலிக்கும். 40 வரிக்கு 30 கமெண்ட் வரும். அது உங்களைப் பற்றியது அல்ல, அந்தக் கோடை அடுத்த பத்து வருடம் வைத்துக்கொள்ளப் போகிறவர்களின் கவலை. ஆறு மாதத்தில் நீங்களே அப்படிக் கமெண்ட் போடுவீர்கள்.

லாக்_படிப்பவன்:

நான் டெவலப்பர் இல்லை, சப்போர்ட். எங்களை யாரும் கேட்பதில்லை, அதனால் நானே எழுதுகிறேன். மாலை 6:30க்கு உள்ளே வந்தால் அதிகாலை 3:30 வரை ஷிஃப்ட். வாடிக்கையாளர் எழுதுவது ஒரே வரி: "மெதுவாக இருக்கிறது." அதற்குமேல் லாக் ஃபைலை வாங்கி, லட்சம் வரியில் எந்த நிமிடத்தில் தொடங்கியது என்று தேடுவது என் வேலை. ஒரு தடவை மூன்று நாள் தேடினோம், கடைசியில் எங்கள் மென்பொருளின் லாக்கே அவர்களுடைய டிஸ்க்கை நிரப்பியிருந்தது. டிஸ்க் நிரம்பினால் எச்சரிக்க வேண்டிய மென்பொருளே டிஸ்க்கை நிரப்பிவிட்டது, வாடிக்கையாளரிடம் அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்க வேண்டியிருந்தது.

நீங்கள் சேர்ந்தால் ஒன்று மட்டும் செய்யுங்கள் ப்ரோ. எரர் மெசேஜில் "பிழை ஏற்பட்டது" என்று மட்டும் எழுதி விடாதீர்கள். எந்த ஃபைல், எந்த போர்ட், என்ன எதிர்பார்த்தது, என்ன கிடைத்தது, இவ்வளவும் ஒரே வரியில் எழுதுங்கள். உங்களுக்கு ஒரு நிமிட வேலை, ராத்திரி 2 மணிக்கு எங்களுக்கு இரண்டு மணி நேரம் மிச்சம். சேர்ந்த முதல் மாதத்தில் ஒரு வாரம் எங்கள் பக்கத்தில் வந்து உட்காருங்கள், எதைச் சரிசெய்ய வேண்டும் என்று தானாகத் தெரியும்.

திரும்பி_வந்தவன்:

ஆன்-கால் பற்றி நான் சொல்கிறேன். 2021 டிசம்பர் 10, வெள்ளிக்கிழமை. லாக்ஃபோர்ஜே பாதுகாப்பு ஓட்டை வெளியே வந்து உலகமே அலறியது. ஜாவாவில் லாக் எழுதப் பலரும் பயன்படுத்தும் லைப்ரரி (தயாராகக் கிடைக்கும் கோட் தொகுப்பு) அது, ஒரு குறிப்பிட்ட வடிவில் எழுத்துகளை லாக்கில் விழ வைத்தாலே வெளியிலிருந்து வேறு கோடை இழுத்து ஓட்ட முடிந்தது. தீவிரம் பத்துக்குப் பத்து. நான் அப்போது இருந்த கம்பெனியில் அந்த லைப்ரரி எத்தனை இடத்தில் இருக்கிறது என்று யாருக்குமே முழுசாகத் தெரியவில்லை, நாங்கள் சேர்த்த வேறு லைப்ரரிகளுக்குள்ளேயும் ஒளிந்திருந்தது. அதன் 2.15 பதிப்புக்கு மாற்றி பேட்ச் (ஓட்டையை அடைக்கும் திருத்தம்) அனுப்பினோம், அது போதாது என்று 2.16 வந்தது, அதுவும் போதாது என்று 2.17. பத்து நாளுக்குள் மூன்று பேட்ச், மூன்று தடவையும் எல்லா டெஸ்ட்டும் முதலிலிருந்து. வேலையில் எனக்குக் கோபம் இல்லை, அந்த மாதிரி நேரத்தில் எல்லோரும் நிற்க வேண்டியதுதான். ஆனால் எங்கள் டீமில் ஆன்-கால் எடுக்க மூன்றே பேர், அதில் ஒருவர் பிரசவ விடுப்பில். அதற்குப் பிறகு ஒரு வருடம் ஒரு வாரம் விட்டு ஒரு வாரம் என் போன் ராத்திரி அடித்தது. ஆள் எடுங்கள் என்று நான்கு தடவை எழுதிக் கொடுத்தேன், அடுத்த காலாண்டு என்றார்கள். குழந்தை பிறந்த பிறகு முடியவில்லை, சர்வீஸ் கம்பெனிக்கே திரும்பிவிட்டேன். கோட் எழுதும் சுவை அங்கேதான் இருந்தது, இன்னும் ஏங்குகிறேன், ஆனால் தூக்கமும் வேண்டும்.

ஓஎம்ஆர்_பயணி:

எல்லோருக்கும் நன்றி. டைம் ஸோன் கதையை இரண்டு தடவை படித்தேன் அக்கா, அன்றைக்கு இன்டர்வியூவில் கொடுத்த கோடிலும் அதே மாதிரி ஒரு ஷெட்யூலர்தான் (குறித்த நேரத்தில் வேலையை ஓட்டும் பகுதி) இருந்தது, நான் அதைக் கவனிக்கவே இல்லை. ஆன்-கால் பற்றி அவர்களிடம் என்ன கேட்க வேண்டும்?

திரும்பி_வந்தவன்:

எச்ஆரிடம் கேட்காதீர்கள், டீம் லீடிடம் பத்து நிமிடம் பேசவேண்டும் என்று கேளுங்கள். சுழற்சியில் எத்தனை பேர், போன மாதம் ராத்திரி எத்தனை தடவை போன் வந்தது, வந்த மறுநாள் தாமதமாக வரலாமா, காம்ப்-ஆஃப் (கூடுதல் வேலைக்கு ஈடாக விடுமுறை) உண்டா. ஆறு பேருக்குக் குறைவென்றால் யோசியுங்கள். எண்ணைச் சொல்லாமல் "அதெல்லாம் அடிக்கடி வராது" என்று மட்டும் சொன்னாலும் யோசியுங்கள்.

பீளமேடு_ஜாவா:

அதோடு, கடைசி ரிலீஸுக்குப் பிறகு வந்த மோசமான பக் எது, அதை எப்படிச் சரிசெய்தீர்கள் என்றும் கேளுங்கள் தம்பி. எழுதியவர் பெயரைச் சொல்லிக் குறை சொல்கிறார்களா, பக் எப்படி நுழைந்தது என்று விளக்குகிறார்களா என்று பாருங்கள். உங்களுக்கு 90 நாள் நோட்டீஸ் பீரியட்தானே, அவசரமே இல்லை, ஒரு நாள் நேரில் வந்து அலுவலகத்தைப் பார்க்கலாமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

ஓஎம்ஆர்_பயணி:

புதன்கிழமை டீம் லீடிடம் பேச நேரம் வாங்கிவிட்டேன். அந்தப் பழைய கோடில் ஷெட்யூலர் பகுதியை அவரிடமே கேட்கப் போகிறேன். பேசிவிட்டு வந்து இங்கேயே எழுதுகிறேன்.